ஸ்பானரோடு போருக்குப் போன தம்பிகள்

தூத்துக்குடி நகரம் வடக்கே எங்கே முடிகிறது, மாப்பிள்ளையூரணி எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. பெயரளவில் ஊராட்சி; வீடுகளின் நெருக்கத்தைப் பார்த்தால் டவுன்தான். உப்பளத்துக்குப் போகிறவர், துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர், தருவைகுளத்துப் படகுகளில் கடலுக்குப் போகிறவர், லாரி ஓட்டுகிறவர், லாரி ரிப்பேர் பார்க்கிறவர் என்று கைவேலையை நம்பி நடக்கிற பகுதி. இந்தப் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் நரைத்த தலை மெக்கானிக்கிடம், "தொழில் யார்கிட்ட படிச்சீங்க அண்ணாச்சி?" என்று கேட்டால் ஒரு பெயர் சொல்வார். அந்த ஆளுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டால் இன்னொரு பெயர் வரும். அதற்கும் முந்தைய படிக்குப் போனால் பெயர் நின்றுவிடும். "அவரு மிலிட்டரியில இருந்தவருலா" என்பது மட்டும் மிஞ்சும்.

எந்தப் போர், எந்த நாடு, அங்கே என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் பேச்சு தடுமாறும். பர்மா என்பார்கள். ஆப்பிரிக்கா என்பார்கள். வெறும் பேச்சு என்று ஒதுக்க முடியாது. தமிழ்நாட்டுக் கிராமத்துப் பையன்கள் அந்த இரண்டு இடங்களுக்கும் போனார்கள், இத்தாலிக்கும் போனார்கள். துப்பாக்கியோடு ஸ்பானரையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் செய்த வேலை என்ன என்பதை நாம் எழுதி வைக்கவே இல்லை.

வீரர்கள் அல்ல என்று ஒதுக்கப்பட்டவர்கள்

1939-ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது இந்திய ராணுவத்தில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் இருந்தார்கள். 1945-ல் போர் முடிந்தபோது 25 லட்சம் பேர். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமல் திரண்ட படைகளில் உலகிலேயே பெரியது அதுதான்.

அதற்கு முன்பு பல பத்தாண்டுகளாகத் தமிழர்களுக்கு ராணுவத்தின் வாசல் பெரும்பாலும் சாத்தியே கிடந்தது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளைக்கார அதிகாரிகள் ஒரு கொள்கை வைத்திருந்தார்கள். பஞ்சாபியர், பதான், கூர்க்கா போன்றோர் 'போர் இனத்தவர்', தெற்கத்திக்காரர்கள் சண்டைக்கு லாயக்கில்லாதவர்கள் என்பது அது. கிளைவ் காலத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தியாவெங்கும் சண்டை போட்ட மதராஸ் காலாட்படையை ஒன்றன்பின் ஒன்றாகக் கலைத்தார்கள். தப்பித்து நின்றது ஒரே பிரிவு, மெட்ராஸ் சேப்பர்ஸ். 1780-ல் உருவாகி, பெங்களூரில் தலைமையகம் வைத்திருந்த பொறியாளர் படை அது. பாலம் கட்டுவது, சாலை போடுவது, குடிநீர் எடுப்பது, சுரங்கம் தோண்டுவது, வெடி வைப்பது, எதிரி வைத்த வெடியை எடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ராணுவ வட்டாரத்தில் அந்தச் சிப்பாய்க்கு இன்றுவரை செல்லப்பெயர் 'தம்பி'. முள்வேலியைத் தகர்க்க உலகப் படைகளெல்லாம் பயன்படுத்திய 'பெங்களூர் டார்பிடோ' என்ற வெடிகுழாயை, 1912-ல் இந்தப் பிரிவின் அதிகாரி மெக்ளின்டாக்தான் உருவாக்கினார்.

இரண்டாம் போர் வந்ததும் அந்தக் கொள்கை தானாகவே உடைந்தது. இது இயந்திரப் போர். பாலைவனத்தில் தண்ணீர் கொண்டுபோக லாரி வேண்டும். லாரி நின்றால் இறங்கிப் பார்க்க ஆள் வேண்டும். வயர்லெஸ், ஜெனரேட்டர், புல்டோசர் என்று ஒவ்வொன்றுக்கும் கையில் தொழிலும், எழுத்துக்கூட்டிப் படிக்கிற அறிவும் உள்ளவன் வேண்டும். ராணுவம் தெற்கே திரும்பியது. மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர்பெற்றது. போர் முடிவதற்குள், ஆள் அனுப்பியதில் பஞ்சாபுக்கு அடுத்த இடத்துக்கு மதராஸ் மாகாணம் வந்துவிட்டது. போன பலரும் தொழில்நுட்பப் பிரிவுகளுக்கும் போக்குவரத்துப் பிரிவுகளுக்கும் போனார்கள். வண்டிகளையும் ஆயுதங்களையும் பழுதுபார்ப்பதற்கென்றே இ.எம்.இ. என்ற தனிப்படை 1943-ல் பிறந்தது.

ஏன் போனார்கள்? மன்னர் மேல் பக்தி என்று ஆள்சேர்ப்பு நோட்டீஸ் சொன்னது. அதை நான் நம்பவில்லை. விளைச்சல் இல்லாத வானம் பார்த்த பூமி, உப்பளத்தில் சில மாத வேலை, வீட்டில் நான்கைந்து தம்பி தங்கைகள் என்பதுதான் இந்த வட்டாரத்து நிலவரம். மூன்று வேளைச் சோறு, துணி, பூட்ஸ், அம்மாவுக்கு மாதம் தவறாமல் மணியார்டர். இதற்கு மேல் காரணம் தேவையில்லை. அதோடு ஒரு தொழிலும் கிடைத்தது. முப்பதுகளில் மோட்டார் மெக்கானிக் ஆவதற்கு, பெரிய கம்பெனி ஷெட்டில் யாரையாவது பிடித்து, கூலியில்லாமல் வருஷக்கணக்கில் எண்ணெய்த் துணி பிழிய வேண்டும். ராணுவம் அதைச் சில மாதங்களில், சம்பளம் கொடுத்துச் சொல்லித்தந்தது. மோட்டார் காரைக் கையால் தொட்டுப் பார்த்திராதவன், இஞ்சினின் ஹெட்டை இறக்கி வால்வு கிரைண்ட் பண்ணக் கற்றுக்கொண்டான்.

மிக்னானோவில் நான்கு நொடி

அந்தத் தலைமுறையில் உலகம் பதிவுசெய்து வைத்த ஒரு பெயர் உண்டு. சுபேதார் சுப்ரமணியம். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கம் கிராமத்துக்காரர். மெட்ராஸ் சேப்பர்ஸில் சேர்ந்து, சுபேதார் என்ற இடம்வரை உயர்ந்தவர். போரில் அவர் இருந்தது 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனி.

ஃபீல்டு பார்க் கம்பெனி என்றால் ஒரு டிவிஷனின் நடமாடும் பட்டறை. லேத்தும் வெல்டிங் செட்டும் ஏற்றிய லாரிகள், பாலத்துக்கான இரும்புச் சட்டங்கள், மண் தள்ளும் புல்டோசர், சேப்பர்களுக்கு வேண்டிய அத்தனை சாமான்களின் கிடங்கு எல்லாம் அங்கேதான். முன்வரிசைக் கம்பெனிகளுக்கு உடைந்ததைச் செய்து கொடுப்பதும், இல்லாததைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இவர்கள் வேலை.

அந்தக் கம்பெனி 4-வது இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. 1940 டிசம்பரில் எகிப்தின் சிடி பரானி, 1941-ல் எரித்ரியாவின் கெரன் மலைகள், பிறகு லிபியப் பாலைவனம், எல் அலமைன், 1943-ல் துனிசியா என்று அந்த டிவிஷன் போகாத களமில்லை. எல் அலமைனில் மட்டும் ஜெர்மானியர்கள் சுமார் 5 லட்சம் கண்ணிவெடிகளைப் புதைத்திருந்தார்கள். சேப்பர் வழி திறந்துவிட்டால்தான் டாங்கியே நகரும் என்ற நிலை அங்கே வந்தது.

கண்ணிவெடி எடுப்பது எப்படி என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முன்னால் ஒருவர் டிடெக்டரைப் பிடித்துக்கொண்டு போவார். நீண்ட கம்பு, நுனியில் தட்டு, முதுகில் பேட்டரி, காதில் ஹெட்போன். போலந்து நாட்டு அதிகாரி கொசாட்ஸ்கி உருவாக்கிய கருவி அது. தட்டைத் தரையை ஒட்டி இடமும் வலமும் வீசிக்கொண்டே அடி அடியாக நகர வேண்டும். காதில் ஒரே சீராகக் கேட்கிற சத்தம் மாறினால், கீழே இரும்பு. ஷெல் துண்டாகவும் இருக்கலாம், தகர டப்பாவாகவும் இருக்கலாம். குப்புறப் படுத்து, துப்பாக்கிச் சனியனை மண்ணுக்குள் சாய்வாகச் செருகிப் பார்க்க வேண்டும். நேராகக் குத்தினால் கண்ணியின் தலையில் பட்டுவிடும். சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில் இடிக்கும். பிறகு விரலால் மண்ணை விலக்கி, அதிலிருந்து இன்னொரு கண்ணிக்கு இழுகம்பி ஓடுகிறதா என்று தடவிப் பார்த்து, வெடிக்காதபடி பூட்ட வேண்டும். பின்னால் வருகிறவர் வெள்ளை நாடாவை விரித்துக்கொண்டே வருவார். நாடாவுக்கு உள்ளே உயிர், வெளியே சாவு. இதையெல்லாம் பெரும்பாலும் இரவில், விளக்கில்லாமல், குண்டு வீச்சுக்கு நடுவில் செய்ய வேண்டும். நம் கடலில் அந்தக் காலத்தில் முத்துக் குளித்தவர், தோணியில் கயிற்றைப் பிடித்திருந்த மச்சானை நம்பிக் கல்லோடு இறங்குவாரே, அதே மாதிரிதான் நாடாக்காரர் டிடெக்டர்காரரை நம்பி அடுத்த அடி வைப்பார்.

இத்தாலியில் ஜெர்மானியர் புதைத்தவற்றில் சேப்பர்கள் மிகவும் வெறுத்தது 'எஸ்-மைன்'. ஒரு தகரக் குவளை அளவுதான். மண்ணுக்கு மேலே மூன்று கம்பி முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். மிதித்தவுடன் வெடிக்காது. உள்ளே சொடுக்கிய சத்தம் கேட்ட பிறகு ஏறத்தாழ நான்கு நொடி எடுத்துக்கொள்ளும். பிறகு இடுப்பு உயரத்துக்குத் துள்ளி எழுந்து, சுமார் 350 இரும்புக் குண்டுகளை எல்லாப் பக்கமும் இறைக்கும். மிதித்தவனைவிடச் சுற்றி நிற்கிறவர்களைச் சாய்ப்பதற்கென்றே செய்தது.

1944 பிப்ரவரியில் 4-வது டிவிஷன் மான்டி கசீனோவில் இருந்தது. நேப்பிள்ஸிலிருந்து ரோமுக்குப் போகும் 6-ம் எண் நெடுஞ்சாலையை மறித்து நிற்கிற மலை அது. பிப்ரவரி 15-ம் தேதி நேச நாட்டு விமானங்கள் மலை உச்சியின் மடாலயத்தைக் குண்டுபோட்டு இடித்தன. அடுத்த நாட்களில் இந்தியப் பட்டாளம் மலையேறி, பலத்த இழப்போடு திரும்பியது. கசீனோவுக்குக் கொஞ்சம் தெற்கே, அதே நெடுஞ்சாலையின் கணவாயில் இருக்கிற சிற்றூர் மிக்னானோ. பட்டாளம் முன்னேறிவிட்ட இடம்தான். ஆனால் ஜெர்மானியர் விட்டுப்போன கண்ணிகள் மண்ணுக்குள் அப்படியே இருந்தன.

பிப்ரவரி 24-ம் தேதி அங்கே சுபேதார் சுப்ரமணியம் கண்ணி தேடும் குழுவோடு வழி திறந்துகொண்டிருந்தார். குழுவில் ஒருவரின் காலடியில் கண்ணி சொடுக்கியது. அதற்கு அர்த்தம் என்ன, எத்தனை நொடி இருக்கிறது என்பது அங்கே எவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். நான்கு நொடியில் ஒரு ஆள் குப்புற விழுந்து தன்னைக் காத்துக்கொள்ள முடியும். அவர் கண்ணியின் மேலேயே விழுந்தார். வெடித்தது முழுவதையும் அவர் உடம்பு வாங்கிக்கொண்டது. கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அவருக்கு ஜார்ஜ் கிராஸ் அறிவித்தார்கள். எதிரியோடு நேருக்கு நேர் மோதும்போது காட்டும் வீரத்துக்கு விக்டோரியா கிராஸ். எதிரி கண்ணெதிரே இல்லாத இடத்தில், அதே அளவு துணிச்சலுக்கு ஜார்ஜ் கிராஸ். இந்திய ராணுவத்தில் அந்தப் பதக்கத்தை முதலில் பெற்றவர் அவர்தான் என்று மெட்ராஸ் சேப்பர்ஸ் இன்றும் பெருமையோடு சொல்கிறது. இத்தாலியின் சாங்ரோ ஆற்றங்கரைப் போர்க் கல்லறையில், தகனம் செய்யப்பட்ட 500-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. அங்கே அவர் பெயர் பொறித்திருக்கிறது.

எனக்கு ஆறாத வருத்தம் இதில் ஒன்று உண்டு. சினிமா நடிகர்களின் பிறந்தநாள்களை மனப்பாடமாகச் சொல்கிற நம் ஊரில், இந்தத் தமிழரின் பெயரைக் கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்காவது தெரியுமா? என் பள்ளிப் பாடப்புத்தகம் எதிலும் அவரைப் படித்ததில்லை. வெள்ளைக்காரனுக்காகச் செத்தவர்தானே என்று சிலர் கேட்பார்கள். அவர் செத்தது பக்கத்தில் நின்ற ஆட்களுக்காக.

அதே நேரத்தில் இங்கே

1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். தோணிகள் தினமும் கொழும்புக்குப் போய்வந்த துறைமுகம் நம்முடையது. இங்கே எழுந்த பீதியைச் சொல்ல வேண்டியதில்லை. ரங்கூன் விழுந்ததோடு பர்மா அரிசி நின்றது. பெட்ரோல் ரேஷனுக்கு வந்தது. பஸ்களின் பின்புறம் கரி அடுப்பு ஏறியது. மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் இதற்கென்றே கேஸ் பிளான்ட் தயாரித்தது. விடியற்காலையில் கரி போட்டு, கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி அனலை ஏற்றி, வாயு வந்த பிறகுதான் இஞ்சின் கிளம்பும். மேட்டில் நின்றுவிட்டால் பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள். வடிகட்டியில் கரித்தூள் அடைத்துக்கொண்டே இருக்கும். இந்தக் கரி பஸ்ஸோடு மல்லுக்கட்டியவர்களும் போர்க்காலத்து மெக்கானிக்குகள்தான், சீருடை இல்லையே தவிர.

அதே 1942 செப்டம்பரில், விடுதலைப் போராட்டத்தின்போது, இதே கடற்கரையில், குலசேகரப்பட்டினம் உப்பளத்தில் உப்பு இலாகா அதிகாரி லோன் கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்து, பெரிய போராட்டத்துக்குப் பிறகு அதைக் குறைத்தார்கள். ஒரு தெருவில் போலீஸ் தேடிய பையன், அடுத்த தெருவில் பட்டாளத்துக்குப் போன பையன். அவர்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்துவது எனக்கு ஒப்பாது. இருவரும் ஒரே வறட்சியில், ஒரே வட்டாரத்தில் பிறந்தவர்கள். கடல் கடந்து மலேயாத் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்ததையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பர்மா எல்லையில் இரண்டு பக்கமும் தமிழ் பேசியது.

சீருடை போட்டவர்களும் கடைசிவரை தலையாட்டிக்கொண்டிருக்கவில்லை. 1946 பிப்ரவரியில் பம்பாய்க் கடற்படை எழுச்சி, 'தல்வார்' என்ற சிக்னல் பயிற்சி நிலையத்தில்தான் தொடங்கியது. சில நாட்களில் ஜபல்பூரில் ராணுவச் சிக்னல் பிரிவினரும் வெளியே வந்தார்கள். கருவி கையாளக் கற்ற சிப்பாய்கள் இவர்கள். கையில் தொழில் இருக்கிறவன், தன்னை மட்டமாக நடத்துவதை ரொம்ப நாள் பொறுக்க மாட்டான்.

திரும்பி வந்த பிறகு

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. லட்சக்கணக்கானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சிப்பாய் ஓய்வூதியத்துக்கு 15 ஆண்டு சேவை வேண்டும். போருக்காகச் சேர்ந்து ஐந்தாறு ஆண்டில் விலகியவருக்கு அது கிடையாது. சுதந்திரப் போராட்டத் தியாகி என்ற கணக்கிலும் அவர் வரமாட்டார். வெகுகாலம் கழித்துத் தமிழ்நாடு அரசு, இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மாத உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது. அதற்குள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஆனால் கையில் தொழில் இருந்தது. ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளும் லாரிகளும் 'டிஸ்போசல்' ஏலத்துக்கு வந்தன. அவற்றை வாங்கி, பாடி கட்டி, சரக்கு லாரியாகவும் பஸ்ஸாகவும் ஓட்டினார்கள். அந்த வண்டியின் கியர்பாக்ஸை ஏற்கெனவே பாலைவனத்தில் பிரித்துப் பூட்டியவனைவிட அதற்கு நல்ல மெக்கானிக் வேறு யார்? தூத்துக்குடிக் கடல் கரையோரத்தில் ஆழம் குறைந்தது. அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் வெகுதூரத்தில் நங்கூரம் போட, தோணிகளும் பார்ஜுகளும்தான் சரக்கை ஏற்றி இறக்கின. இழுவைப் படகுகளுக்கு ஃபிட்டர்கள் வேண்டும். பஞ்சாலைகளுக்கு வேண்டும். உப்பளங்களில் தண்ணீர் இறைக்கும் ஆயில் இஞ்சின்களுக்கு வேண்டும். ஐம்பதுகளில் மீன்பிடி படகுகளுக்கு மோட்டார் வந்தபோது அதற்கும் வேண்டும். 1974-ல் பெரிய துறைமுகம் வருவதற்கு முன்பே இந்த ஊரில் இஞ்சின் தெரிந்த கைகள் இருந்தன. அந்தக் கைகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், பட்டாளத்தையும் ஒரு பள்ளிக்கூடமாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பழக்கங்கள் சில ஒர்க்‌ஷாப்புகளில் இன்னும் தெரிகின்றன. கழற்றிய நட்டு போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே சாக்கில் பரப்பி வைப்பது, சாயங்காலம் ஸ்பானர் செட்டை எண்ணிப் பார்த்துத் துடைத்து அடுக்குவது, அடுத்தவன் டூலைக் கேட்காமல் எடுத்தால் கோபப்படுவது. கண்டிப்பான மெக்கானிக்கைப் பையன்கள் இன்றும் "மிலிட்டரி" என்றுதான் முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள்.

ஊர்க்கல் இல்லாத போர்

முதல் உலகப் போருக்கு நம் கிராமங்களில் சாட்சி இருக்கிறது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று பொறித்த கல்பலகைகளைத் தமிழ்நாட்டுப் பழைய ஊர்கள் பலவற்றில் பார்க்கலாம். இரண்டாம் போருக்கு அப்படியொரு கல்லை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. போர் முடிந்த இரண்டே ஆண்டில் வெள்ளைக்காரன் கிளம்பிவிட்டான். புது நாட்டுக்குக் கொண்டாட வேறு தியாகிகள் இருந்தார்கள். நடுவில் இவர்கள் விடுபட்டுப் போனார்கள். அந்தப் போரில் இறந்த இந்திய வீரர்கள் சுமார் 87 ஆயிரம் பேர்.

பிழைத்து வந்தவர்களுக்கு மிச்சம் இருந்தது டிரங்குப் பெட்டி. அதற்குள் பச்சையும் சிவப்புமாய் ரிப்பன் தொங்கும் பதக்கங்கள், டிஸ்சார்ஜ் சர்டிபிகேட். அந்தத் தாளில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, யூனிட், என்ன டிரேட், எந்த கிளாஸ், நடத்தை எப்படி என்று எல்லாம் இருக்கும். ஒரு மனுஷனின் ஆறு வருஷம் அதில் இருக்கிறது. இங்கிலீஷில் இருப்பதால் வீட்டில் பலர் அதைப் படித்ததே இல்லை. வீடு இடித்துக் கட்டும்போது டிரங்குப் பெட்டி பழைய இரும்புக்குப் போகிறது. கூடவே தாளும் போகிறது. இதைக் கேள்விப்படும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

திரும்பி வராதவர்களைத் தேட வழி இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் தன் பதிவேடுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. ரங்கூனுக்கு வடக்கே டவுக்கியான் நினைவுச் சின்னத்தில் மட்டும் ஏறத்தாழ 27 ஆயிரம் பெயர்கள். பல இந்தியப் பெயர்களுக்கு எதிரே தகப்பனார் பெயரும் ஊரும் மாவட்டமும் இருக்கும். ஆனால் தூத்துக்குடி மாவட்டம் என்று தேடினால் ஒருவரும் கிடைக்க மாட்டார். இந்த மாவட்டம் பிறந்ததே 1986 அக்டோபரில்தான். 'டின்னவெலி' என்று அன்றைய ஆங்கில வழக்கில் திருநெல்வேலியைத் தேட வேண்டும். ஊர் பெயர்களை ராணுவக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். 'டூட்டிகொரின்' சுலபம். மாப்பிள்ளையூரணியை ஒரு வெளியூர்க் குமாஸ்தா எப்படியெல்லாம் எழுதியிருப்பார் என்று நான்கைந்து விதமாக யோசித்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டிரங்குப் பெட்டி இன்னும் கடைக்குப் போகாத வீடுகள், முதலில் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வையுங்கள்.